மூன்றாவது அடி

பிப்ரவரி 22, புதன். சாம்பல் புதன்.

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் என்ன சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார், வயிறு எப்படிப் போகிறது என்று தினமும் குறித்து வைத்தால் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வசதியாக இருக்குமாம். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பாடக்குறிப்பு எழுதியவளுக்கு இது பெரிய வேலையில்லை.

காலை கேழ்வரகுக் கஞ்சி, பாதி. மதியம் குழைய வடித்த சாதம், பருப்பு. சாயங்காலம் ஒன்றும் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

டிசம்பரில் ஒரு கிராமத்து எழுப்புதல் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே மேடையில் சரிந்தார். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. ஸ்தோத்திரம். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஸ்தோத்திரம், படுக்கை நனைந்துவிட்டாலும் ஸ்தோத்திரம், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஸ்தோத்திரம். பார்க்க வருகிறவர்கள் கண் கலங்கிவிடுகிறார்கள். படுக்கையிலும் ஆண்டவரைத் துதிக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. டாக்டரிடம் கேட்டதற்கு, பேச்சுக்கான இடம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரு சொல் தங்கிவிடும், அர்த்தம் வைத்துச் சொல்வதில்லை என்றார். சிலருக்குக் கெட்ட வார்த்தை தங்கிவிடுமாம். நீங்கள் கொடுத்து வைத்தவர் என்றார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இது வந்திருந்தால் எந்தச் சொல் தங்கியிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. லெந்து தவநாட்கள் தொடங்கிவிட்டன.

பிப்ரவரி 24, வெள்ளி.

இட்லி ஒன்றரை. வயிறு போகவில்லை. துவைத்த விரிப்புகள் மூன்று.

பிப்ரவரி 27, திங்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் ரத்தினபாய் நாலைந்து பேரோடு வந்தாள். கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். அவர் நடுநடுவே ஸ்தோத்திரம் சொன்னதும் எல்லாரும் கூடவே சொன்னார்கள். உண்மையில் அவருக்கு அப்போது ஒன்றுக்கு வந்திருந்தது. எனக்குத்தான் அது தெரியும்.

ரத்தினபாய் என் இடது பக்கம் உட்கார்ந்து பேசியதால் பாதி காதில் விழவில்லை. டைபாய்டு வந்ததிலிருந்து அந்தக் காது அப்படித்தான். நாற்காலியைத் திருப்பிப் போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். குணசாலியான மனைவிக்கு அடையாளமாம் நான். வேண்டாம் என்றேன். அந்தத் தாழ்மைக்காகவே போர்த்த வேண்டும் என்றாள்.

பிறகு இவரைப் பற்றிய பழைய பேச்சு வந்தது. அருமைநாயகம் அண்ணன் சாட்சியைக் கேட்டுத்தான் தன் வீட்டுக்காரர் குடியை விட்டார் என்றாள். ஆண்டவர் தன்னை மாற்றியதை அவர் மேடையில் சொல்லும் அந்தச் சாட்சியைக் கேட்காத சபை இந்தப் பக்கத்தில் இல்லை. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தது, குடித்தது, ஒரு நாள் போதையில் கூட்டப் பந்தலின் வாசலில் விழுந்து கிடந்தது, அங்கேயே ஆண்டவர் தொட்டது. நடுவில் ஒரு வரி வரும். "கட்டின மனைவியை அடித்தேன்." அந்த இடத்தில் குரல் உடையும். சபை ஸ்தோத்திரம் சொல்லும். நான் முன்வரிசையில் முக்காடு போட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பேன். இருபத்தேழு வருஷமாக அந்த ஒரு வரியில் என்னை முடித்துவிடுகிறார்.

அவர்கள் போன பிறகு விரிப்பை மாற்றினேன்.

மார்ச் 2, வியாழன்.

ஓசூரிலிருந்து மகள் பெனிட்டா பேசினாள். உதவிக்கு ஒரு ஆள் வைத்துக்கொள் அம்மா, நான் பார்த்துக் கொடுக்கிறேன் என்று மறுபடியும் கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்பாவிடம் போனைக் கொடுக்கட்டுமா என்றேன். வகுப்பு எடுக்க நேரமாகிவிட்டது என்றாள். சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன வகுப்போ.

இடுப்பில் தோல் சிவந்திருக்கிறது. புண் வராமல் இருக்கத் திருப்பித் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். என் முதுகு விட்டுப்போயிற்று.

மார்ச் 6, திங்கள்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. வெயில் இப்போதே இப்படி. அவர் பகலெல்லாம் ஸ்தோத்திரம்.

மார்ச் 9, வியாழன்.

இன்று எழுத ஒன்றுமில்லை. கஞ்சி கொட்டிவிட்டது. துடைத்தேன்.

மார்ச் 10, வெள்ளி.

பிசியோதெரபி செய்ய வரும் சுகந்தி, அவர் கன்னத்தில் என்ன சிவப்பு என்று கேட்டாள். கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டார் என்றேன். ஐஸ் வையுங்கள் என்றாள். வைத்தேன்.

மார்ச் 12, ஞாயிறு.

ஆலயத்துக்குப் போகவில்லை. முதுகு வலி.

மார்ச் 13, திங்கள்.

நேற்று முதுகு வலி இல்லை. நான் அவரை அடித்தேன்.

எழுதிவிட்டேன். எழுதினால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. என் கையெழுத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் இரண்டு தடவை விரிப்பு மாற்றியிருந்தேன். குளிப்பாட்டிச் சட்டை போட்டுக் கஞ்சி கொண்டுவந்தேன். இரண்டாவது கரண்டியைத் துப்பினார். என் முகத்தில் தெறித்தது. பொறுத்துக்கொண்டு மறுபடி ஊட்டப் போனேன். இடது கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். கஞ்சி தரையெல்லாம். தட்டிவிட்ட விதம் பழைய விதம். புறங்கையால், முகத்தைப் பார்க்காமல். அந்தக் காலத்தில் சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் மோதுமே, அதே வீச்சு.

அடித்தேன். கன்னத்தில். ஓங்கி.

அவர் என்னைப் பார்த்து, "ஸ்தோத்திரம்" என்றார்.

மறுபடியும் அடித்தேன். மறுபடியும் "ஸ்தோத்திரம்." குரல் உடைந்திருந்தது. அதற்குப் பிறகும் அடித்தேன்.

முதல் அடி கோபம். அதை யாரும் புரிந்துகொள்வார்கள். இரண்டாவது அந்தச் சொல்லை நிறுத்துவதற்காக. மூன்றாவதுக்குக் காரணமே இல்லை. மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது.

சத்தமில்லாமல் ஒரு சந்தோஷம் உள்ளே எழுந்தது. அப்படி ஒன்று எனக்குள் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அறுபத்தெட்டு வயது. தினமும் ஐந்து மணிக்கு முழங்காலில் நிற்கிறவள். பள்ளிக்கூடத்தில்கூடப் பிரம்பு எடுக்காத டீச்சர் என்று பெயர் வாங்கியவள்.

அதன் பிறகு துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தேன். கை நடுங்கவில்லை. அதுவும் எனக்கு அதிர்ச்சிதான்.

மார்ச் 15, புதன்.

வாய் துடைக்கத் துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அவர் கண்ணை இறுக மூடித் தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

அந்த ஒடுங்கல் எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் அது என் உடம்பில் இருந்தது. இப்போது இடம் மாறி அவர் உடம்பில் இருக்கிறது. மாற்றி வைத்தவள் நான்.

சாதம் கொஞ்சம். மாத்திரை எல்லாம் கொடுத்தாயிற்று.

மார்ச் 19, ஞாயிறு.

இன்று திருவிருந்து ஆராதனை. சுகந்தியைக் கொஞ்ச நேரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். அப்பமும் திராட்சரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். என் வரிசை வந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். கால் நடைபாதைக்கு வந்தது. அதற்கு மேல் போகவில்லை. உட்கார்ந்துவிட்டேன். ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் பெற்று, ஒரு தடவையும் நான் இப்படி உட்கார்ந்ததில்லை. அவர் குடித்துவிட்டு வந்து அடித்த வாரங்களில்கூட வீங்கிய முகத்தோடு போய் முழங்காலிட்டு வாங்கியிருக்கிறேன். அப்போது எனக்குத் தகுதி இருந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலை சுற்றுகிறதா என்று ரத்தினபாய் சைகையில் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். பொய்.

மார்ச் 21, செவ்வாய்.

குருவானவர் ஸ்டேன்லி துரை வந்தார். சின்ன வயது, எங்கள் சேகரத்துச் சபைகளுக்கு வந்து இன்னும் வருஷம் ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு வீட்டில் வைத்துத் திருவிருந்து கொடுப்பதற்காகச் சின்னப் பெட்டியோடு வந்திருந்தார். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் முன்னறையில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். அடித்ததைச் சொன்னேன். மூன்று தடவை என்பதையும் மூன்றாவது எப்படி இருந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. கையில் இருந்த காபியைக் கீழே வைத்தார். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வரும் மன அழுத்தம் என்று என்னவோ சொன்னார். ஓய்வு வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, இதை வெளிய யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். உங்க ரெண்டு பேர் சாட்சியும் நம்ம சபைக்குப் பெரிய பலம். பொன்னாடைக்கு நோட்டீஸும் அடிச்சாச்சு."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"எந்தச் சாட்சி ஐயா? எனக்கு இந்தக் காது டைபாய்டுல போகல. எனக்கு டைபாய்டு வந்ததே கிடையாது. அவிய அடிச்சதுல போச்சு. அவிய ரட்சிக்கப்பட்ட பிறகு, ஊழியத்துக்கு இடறலா இருக்கக் கூடாதுன்னு நானாத்தான் டைபாய்டுன்னு சொல்ல ஆரம்பிச்சேன். அதைக் கேட்டு வச்ச பழைய சபை ஐயரும் ஒருத்தர் உண்டு. நல்லதும்மான்னு சொன்னாவ."

உள்ளே கட்டிலிலிருந்து ஸ்தோத்திரம் என்று குரல் வந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டேன்லி ஐயா சுருக்கமாக ஒரு ஜெபம் செய்துவிட்டு எழுந்து போய்விட்டார். பெட்டியைத் திறக்கவே இல்லை.

மார்ச் 23, வியாழன்.

பெனிட்டாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுச் சொன்னேன். அழுவாள், அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். மூச்சு மாதிரி ஒரு சிரிப்பு.

"வேணும் அவருக்கு" என்றாள்.

பெனிட்டா என்றேன்.

"ம்மா, எனக்கு ஒம்பது வயசு. அடுக்களைக் கதவுக்குப் பின்னால நின்னேன். உன் காதுலருந்து ரத்தம் வந்து ஜாக்கெட் நனைஞ்சுது. நீ என்னையக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்துல யாருகிட்டயும் சொல்லாதட்டின்னு சொன்ன. மறந்துட்டியா?"

நான் மறக்கவில்லை. அவள் பார்த்தது எனக்குத் தெரியும். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசியதில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவள் சொன்னதுதான் என்னைக் கீழே உட்கார வைத்தது. "நீ அவரை மன்னிச்சிட்டேன்னு நெனச்சேன். முன்வரிசையில உக்காந்து அழுவியே. அம்மாவே மன்னிச்சிட்டா, என்னால முடியலையே, அப்ப நாந்தான் கல்நெஞ்சக்காரி, ஆண்டவருக்கு என்னையப் பிடிக்காதுன்னு நெனச்சுத்தான் கோயிலுக்குப் போறதையே விட்டேன். இருபது வருஷமாச்சு. இப்ப நீ சொல்லுத, உனக்கும் முடியலன்னு."

போனை வைத்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அணைக்கத் தோன்றவில்லை.

மார்ச் 24, வெள்ளி.

ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றேன், அவ்வளவுதான்.

மார்ச் 27, திங்கள்.

நாலு நாளாக யோசித்ததை எழுதுகிறேன்.

நான் மன்னித்ததே இல்லை. ஜெயித்தேன். அவர் விழுந்தவர், நான் விழாதவள். அவர் சாட்சி சொல்லச் சொல்ல, முன்வரிசையில் என் தலை குனிந்திருந்தாலும் உள்ளே நிமிர்ந்துதான் இருந்தது. அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஆள் வேண்டாம் என்றதும் அதனால்தான். என் கையால் கஞ்சி குடித்துத்தான் ஆக வேண்டும் அவர். என் கையால் சுத்தமாகித்தான் ஆக வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொள்வதாலேயே பழிவாங்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கற்றிருக்கிறேன்.

ஒன்று மட்டும் ஆண்டவரிடம் கேட்காமல் வைத்திருந்தேன். பந்தல் வாசலில் போதையில் கிடந்தவரை ஒரே நாளில் மன்னித்தீரே, என்னை ஒரு வார்த்தை கேட்டீரா? அடிபட்டவள் நான். மன்னிப்பு மட்டும் உமக்கும் அவருக்கும் நடுவிலா?

இன்றைக்குக் கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் கேட்ட பிறகு அறையில் நான் மட்டும் இருப்பதுபோல இல்லை. எனக்கு ஒதுங்கிப் போய் நிற்க வேறு இடமும் இல்லை. எந்த மன்னிப்பின் வாசல் வழியாக அவர் உள்ளே போனதை இவ்வளவு காலமும் குறை சொன்னேனோ, அந்த வாசலில்தான் நானும் போய் நிற்க வேண்டும். அதில் எனக்கென்று தனி வாசல் கிடையாது. நினைக்க நினைக்க உடம்பு குளிர்ந்துபோகிறது.

மார்ச் 30, வியாழன்.

மதியம் சாப்பாடு கொடுத்து, முகம் துடைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் உங்களை அடிச்சேன். மூணு தடவை. உங்களால திருப்பி அடிக்க முடியாதுன்னு தெரிஞ்சே அடிச்சேன். அது பாவம். என்னைய மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் ஸ்தோத்திரம் என்றார். அர்த்தத்தோடு சொன்னாரா என்று தெரியவில்லை. முன்பு என்றால் அத்தோடு எழுந்திருப்பேன். இன்று எழவில்லை.

"இன்னும் இருக்கு. நீங்க சாட்சியில ஒரு வரியில சொல்லுவிய. நான் முழுசாச் சொல்லுதேன், கேளுங்க."

சொன்னேன். காதைச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்க முடியைப் பிடித்து இழுத்ததைச் சொன்னேன். மறுநாள் அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். பெனிட்டா கதவுக்குப் பின்னால் நின்றதைச் சொன்னேன். அழாமல் சொன்னேன். சம்பவம் ஒவ்வொன்றாக, தேதி தெரிந்தவரை தேதியோடு.

அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. டிசம்பருக்குப் பிறகு முதல் தடவையாக இவ்வளவு நேரம் அவர் அமைதியாக இருந்தார். வாய் மட்டும் அசைந்தது. வேறு ஏதோ ஒரு சொல்லைத் தேடினார். வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு இடது கையைத் தூக்கினார்.

நான் ஒடுங்கினேன். தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி. நடக்க முடியாத ஒரு கிழவரின் முன்னால்.

கண்ணைத் திறந்தபோது அவர் கை நடுவிலேயே நின்றிருந்தது. நான் ஒடுங்கியதைப் பார்த்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அதை அவர் பார்த்ததே இல்லையோ என்னவோ. கையை மெல்லத் திருப்பி, உள்ளங்கை மேலே தெரியும்படி, படுக்கையில் போட்டார். கண்ணீர் காது வரைக்கும் ஓடியது. அவர் ஆலயத்தில் அழுது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இது அந்த அழுகை இல்லை.

நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் பிடிக்கவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 1, சனி.

ரத்தினபாய் நாளைக்கு என்ன சேலை கட்டுகிறாய் என்று கேட்க வந்தாள். பொன்னாடை வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். வீட்டுக்காரரை அடித்துவிட்டேன் என்றேன். முதலில் ஏதோ விளையாட்டு என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. போட்டு வைத்த காபியைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

ஏப்ரல் 2, ஞாயிறு. குருத்தோலை.

போனேன். என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. குருத்தோலை கொடுத்துக்கொண்டு வந்தவர் என்னிடம் வந்ததும் ஒன்றை நீட்டினார், முகத்தைப் பார்க்காமல். ஆராதனை முடிந்ததும் பொன்னாடைப் பேச்சே எழவில்லை.

அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது. ஆனால் வெளியே வந்து செருப்பைப் போடும்போது உடம்பு லேசாக இருந்தது. இதுவும் எனக்கு ஆச்சரியம்.

ஏப்ரல் 4, செவ்வாய்.

காலையில் கதவைத் தட்டும் சத்தம். ஸ்டேன்லி ஐயா. அங்கி இல்லை, கையில் பெட்டி இல்லை, சாதாரணச் சட்டை. வாசலிலேயே நின்றார்.

"அன்னைக்கு நான் உங்ககிட்ட ஒரு போதகனாப் பேசலம்மா. சபையோட பேரைக் காப்பாத்த வந்தவன் மாதிரிப் பேசிட்டுப் போயிட்டேன். எனக்குத் தூக்கமே இல்ல. மன்னிச்சிருங்க."

அவரைக் குளிப்பாட்டும் நேரம் என்றேன். நானும் பிடிக்கட்டுமா என்றார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து அவர் தோளைத் தாங்கிப் பிடித்தார். பழக்கமில்லாததால் சோப்புத் தண்ணீர் முழுவதும் ஐயா பேண்டில். இடுப்பில் இருந்த சிவப்பைப் பார்த்து, இது எப்போதிலிருந்து என்று கேட்டார். இனிமேல் செவ்வாயும் வெள்ளியும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சரி என்றேன்.

சாயங்காலம் பெனிட்டாவைக் கூப்பிட்டு, ஆள் பார்த்துக் கொடு என்று சொன்னேன். சரி என்றாள்.

ஏப்ரல் 6. பெரிய வியாழன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு ஸ்டேன்லி ஐயா திருவிருந்துப் பெட்டியோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேஜையைப் போட்டு வெள்ளைத் துணி விரித்தேன். அவருக்கு மட்டும் கொடுங்கள், நான் இன்னும் அதற்குத் தயாராகவில்லை என்றேன்.

"தகுதி பாத்துக் குடுக்கதா இருந்தா, இதைக் கொண்டு வாரதுக்கே எனக்குத் தகுதி இல்லம்மா" என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஐயா ஜெபித்து, அப்பத்தை என் வீட்டுக்காரரின் இடது கையில் வைத்தார். அவர் வாய்க்குக் கொண்டுபோவார் என்று நான் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். கொண்டுபோகவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் நீட்டினார். அப்பம் கீழே விழுந்துவிடும்போல இருந்தது.

எனக்கு அந்தக் கையிலிருந்து வேண்டாம். முதலில் தோன்றியது அதுதான். உலகத்தில் வேறு எந்தக் கையிலிருந்து வந்தாலும் வாங்குவேன், இந்தக் கையிலிருந்து வேண்டாம் என்று உடம்பு முழுவதும் சொன்னது. அவர் நீட்டியபடியே இருந்தார்.

நீட்டினது அவரா என்று பிறகு யோசித்தேன். அவருடையதாக அதில் என்ன இருந்தது? அவரும் ஒன்றும் இல்லாமல் வாங்கினவர்தான். கையில் இருந்ததைக் கொடுத்தார்.

குனிந்து வாயைத் திறந்தேன். விரல்கள் என் உதட்டில் பட்டன. நான் ஒடுங்கவில்லை. பாதியைக் கடித்து, மீதியை அவர் வாயில் வைத்தேன். அவரும் ஒடுங்கவில்லை.

ஐயா திரும்பி நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திராட்சரசக் கிண்ணத்தை எடுத்தார்.

மன்னித்துவிட்டேனா என்று என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். தெரியவில்லை. நான் மன்னிக்கப்பட்டிருக்கிறேன். அது மட்டும், எனக்குக் கொஞ்சமும் தகுதியில்லாமல், நடந்துவிட்டது.

ஏப்ரல் 7. பெரிய வெள்ளி.

சாதம், ரசம். வயிறு நன்றாகப் போயிற்று. இடுப்பில் சிவப்பு கொஞ்சம் குறைவு.

ஏப்ரல் 8, சனி.

காலை ரயிலில் பெனிட்டா வந்து இறங்கினாள். சொல்லாமல் வந்தாள். டிசம்பரில் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுப் போனவள். பையைக் கூடத்தில் வைத்துவிட்டு, அப்பா இருக்கும் அறையின் வாசலைத் தாண்டி நேரே அடுக்களைக்கு வந்தாள். என் கையில் இருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

அவள் ஏதாவது சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன். "நீ அவியள மன்னிக்கணும்னு நான் கேக்க மாட்டேன். கேக்கதுக்கு எனக்கு உரிமையும் இல்ல. உன்னைய யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னேனே, அதுக்கு நீ என்னைய மன்னிக்கணும்."

அவள் அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ போய்க் கொஞ்சம் படும்மா. முகமே சரியில்ல" என்றாள்.

படுத்தேன். பட்டப்பகலில், கதவைத் திறந்து போட்டு, நாலு மணி வரைக்கும் தூங்கினேன். எழுந்தபோது கொடியில் விரிப்புகள் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. அவருக்கு மதியச் சாப்பாடு யார் கொடுத்தது என்று கேட்டேன். பக்கத்துத் தெருவிலிருந்து சுகந்தியைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னேன் என்றாள்.

ஏப்ரல் 9, ஞாயிறு. உயிர்த்தெழுந்த திருநாள்.

விடியற்கால ஆராதனைக்குப் போகவா வேண்டாமா என்று நின்றேன். போ, நான் இருக்கேன் என்றாள் பெனிட்டா. அவரையும் அவளையும் தனியே விட்டுப் போகப் பயமாகத்தான் இருந்தது. போனேன்.

முன்வரிசைக்குப் போகவில்லை. பின்னால் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருவிருந்துக்கு என் வரிசை எழுந்ததும் நானும் எழுந்து போய் முழங்காலிட்டேன். இரண்டு பக்கமும் யார் என்று பார்க்கவில்லை. திரும்பும்போது ரத்தினபாய் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். சிரிக்கவில்லை. நானும் தலையை அசைத்தேன்.

வீட்டுக்கு வரும்போது வெயில் ஏறியிருந்தது. கேட்டைத் திறக்கும்போதே உள்ளே பெனிட்டாவின் குரல் கேட்டது. சத்தம் போடுகிறாளோ என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வேகமாக உள்ளே போனேன்.

அவள் அறைக்குள் போயிருக்கவில்லை. வாசலுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பேப்பரில் கிரிக்கெட் செய்தியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவர் வாசல் பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

யாருக்கு வாசிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அடுக்களைக்குப் போய் மூன்று பேருக்கும் காபி போட்டேன்.